பட்ட மரமும் சீகைப் பிசினும்

ஆஸ்திரேலியாவில் வாழும் லெட்பீட்டர் போஸம் என்ற சின்ன விலங்குக்கு அடிப்படையாக இரண்டு தேவைகள். தங்குவதற்கு ஒரு பொந்து, தின்பதற்குப் பிசின். அது குடியிருக்கும் அளவுக்குப் பெரிய பொந்து விழவேண்டுமென்றால் மரத்துக்கு 150 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பிசின் தருகிற சீகை (வாட்டில்) மரமோ, காடு எரிந்த இடத்தில் முளைத்து, சில பத்தாண்டுகள் வாழ்ந்து, மேலே உயர்ந்துவிட்ட மரங்களின் நிழலில் மெல்லச் செத்துப்போகும். ஒன்று பழுத்த கிழம், மற்றொன்று இளசு. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே ராத்திரியில் போய்வரும் தூரத்தில் இருந்தாக வேண்டும். இந்த விலங்கு அழியுமா பிழைக்குமா என்ற கேள்வி முழுக்க முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

நான் கோத்தகிரிக்காரன். மெல்போர்னில் குடியேறிய பிறகு, இங்கே வடகிழக்கே இருக்கும் மலைக்காடுகளுக்குப் போகத் தொடங்கினேன். ஹீல்ஸ்வில் ஊரைத் தாண்டியதும் பிளாக் ஸ்பர் என்ற ஏற்றம் வரும். சாலையின் இரண்டு பக்கமும் மரம் மரமாக வானத்துக்கு நிற்கும். அடியில் ஆள் உயரத்துக்கு மேல் பெரணி மரங்கள். காரை ஓரங்கட்டி இறங்கினால் எனக்கு ஊர் வாசனை அடிக்கும். காரணம் எளிது. எங்கள் ஊரில் கற்பூர மரம் என்று சொல்கிறோமே, அந்த யூகலிப்டஸ் குடும்பத்து மரங்கள்தான் இவை. இடையில் நிற்பவை சீகை. நீலகிரிக்கு இவற்றை 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது வெள்ளைக்காரர்கள். யூகலிப்டஸ் வந்தது 1843இல். விறகுக்கு ஒன்று, தோல் பதனிடப் பட்டைக்கு இன்னொன்று. அவற்றின் சொந்த ஊர் இந்தப் பக்கம். அங்கே அவற்றை நம்பி யார் யார் வாழ்கிறார்கள் என்று எனக்குச் சின்ன வயதில் தோன்றியதே இல்லை. இங்கே வந்து பார்த்தபோதுதான் இந்தப் போஸம் கண்ணில் பட்டது. அதன்பின் விட முடியவில்லை.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். கங்காருவைப் போல இதுவும் வயிற்றில் பை உள்ள பாலூட்டி. எடை 100 முதல் 160 கிராம் வரை. உடல் நீளம் சுமார் 16 செ.மீ., வாலும் ஏறக்குறைய அதே நீளம். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். நெற்றியிலிருந்து முதுகு வழியாக ஒரு கருங்கோடு இறங்கும். வால் நுனிக்குப் போகப் போகப் புசுபுசுவென்று அகலமாகும். கண்கள் முகத்துக்குப் பெரியவை, கருப்பு. பகல் முழுக்கத் தூக்கம், இரவெல்லாம் ஓட்டம். இதன் நெருங்கிய சொந்தக்காரர்களான கிளைடர்களுக்குக் கைக்கும் காலுக்கும் நடுவே தோல் சவ்வு உண்டு, அவை மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போகும். இதற்கு அந்தச் சவ்வு கிடையாது. ஓட வேண்டும், இல்லையென்றால் தாவ வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1867இல் ஃபிரெடரிக் மெக்காய் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்துவந்த ஜான் லெட்பீட்டரின் பெயர் அது. முதல் மாதிரிகள் கிடைத்தது தெற்கே பாஸ் ஆற்றுப் பக்கம். அந்தச் சதுப்புக் காடுகளை அழித்து விவசாயம் வந்துவிட்டது. 1909க்குப் பிறகு ஒரு விலங்குகூட யாருக்கும் கிடைக்கவில்லை. 1939 ஜனவரி 13 அன்று, கறுப்பு வெள்ளி என்று இங்கே சொல்கிறார்கள், மலைக்காடுகள் பெருந்தீயில் எரிந்தன. 71 பேர் இறந்தார்கள். இருந்த கொஞ்சநஞ்சமும் போயிருக்கும் என்று இந்த விலங்கைக் கைகழுவிவிட்டார்கள். அப்புறம் 1961 ஏப்ரல் 3ஆம் தேதி இரவு, மேரிஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் கேம்பர்வில் என்ற இடத்தில் எரிக் வில்கின்சன் இதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு உயிரோடு ஒன்று. பத்து வருடத்தில், 1971இல், விக்டோரியா மாநிலத்தின் அடையாள விலங்காகவும் ஆக்கினார்கள்.

இந்த 1961 என்ற வருடத்தை நான் பல முறை யோசித்திருக்கிறேன். அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. தீக்கு 22 வருடம் கழிந்திருந்தது. ஏன் சரியாக அந்தக் காலத்தில் அது கண்ணில் பட்டது என்பதற்கு அதன் வீட்டையும் சாப்பாட்டையும் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

வீட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தக் காட்டின் ராஜா மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ். உலகத்துப் பூக்கும் தாவரங்களிலேயே மிக உயரமாக வளர்பவற்றில் இது ஒன்று. டாஸ்மேனியாவில் நிற்கும் ஒன்று 100 மீட்டர் தொடுகிறது. 400, 500 வருடம் வாழக்கூடியது. ஆனால் இளமையில் வழவழவென்று நேராகப் போகும், ஒரு ஓட்டை கிடைக்காது. நம்மூர்க் காட்டில் மரங்கொத்தி இருக்கிறது, குக்குறுவான் இருக்கிறது. அவை கொத்திப் பொந்து செய்து ஒரு பருவம் இருந்துவிட்டுப் போகும், பின்னால் யார் யாரோ குடிவருவார்கள். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி என்ற பறவையே இல்லை. பொந்து தோண்டித் தர ஆளில்லாத கண்டம் இது. இங்கே காலம்தான் தச்சன். காற்றில் ஒரு கிளை ஒடியும். ஒடிந்த இடத்தில் மழைநீர் இறங்கும். பூஞ்சை பிடிக்கும், உள்மரம் மெத்தென்று ஆகும், கரையான் ஏறும். எப்போதாவது தீ வந்து உள்ளே குடைந்துவிட்டுப் போகும். மேலே மரம் பச்சையாக நிற்க, உள்ளே மெதுவாக வெறுமையாகும். பொந்து தொடங்கவே சுமார் 120 வருடம் ஆகிறது. போஸம் குடும்பம் ஒன்று தங்கும் அளவுக்கு வர 150, 190 என்று போகும்.

அந்தப் பொந்துக்குள் அது வெறும் மரத்தில் படுப்பதில்லை. பட்டையை மெல்லிய நாராகக் கிழித்துக் கொண்டுவந்து, பொந்தின் நடுவில் ஒரு உருண்டைக் கூடு கட்டுகிறது. ஒரு அடி விட்டம் இருக்கும். மலையில் குளிர்காலத்தில் பனி விழும். இவ்வளவு சின்ன உடம்புக்கு அந்தக் குளிரைத் தனியாகத் தாங்குவது கஷ்டம். ஒரே கூட்டில் எல்லோரும் ஒட்டிப் படுத்தால்தான் உடம்புச் சூடு வீணாகாது. பழைய கூடு ஒன்றை ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்தேன். போஸம் தங்குவதற்காக மரத்தில் கட்டியிருந்து, பராமரிப்புக்காகக் கீழே இறக்கிய மரப்பெட்டி ஒன்றில் காலியாகக் கிடந்தது அது. வெளிப்பக்கம் விரல் அகலப் பட்டைத் துண்டுகள், சொரசொரவென்று. உள்ளே போகப் போக நார் மெலிந்துகொண்டே போனது. நடுவில் தலைமுடி அளவுக்கு மெல்லியது, பஞ்சு மாதிரி அமுங்கியது. ஓரத்தில் நுழைய ஒரு வழி. பல்லாலும் கையாலும் கிழித்த நார் அத்தனையும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

பட்டைக்கு இங்கே பஞ்சம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மவுண்டன் ஆஷ் மேல்தண்டிலிருந்து பட்டையை நீள நீள ரிப்பனாக உரிக்கும். அந்த ரிப்பன்கள் கிளைகளில் தொங்கிக்கொண்டே இருக்கும், காற்றடித்தால் தண்டில் பட்டுச் சடசடக்கும். போஸத்துக்குப் படுக்கைச் சாமான் அதிலிருந்து. அந்தப் பட்டைச் சுருளுக்குள் பதுங்கும் சில்வண்டு, வண்டு, சிலந்தி எல்லாம் அதற்குச் சாப்பாடு.

ஒரு கூட்டில் இரண்டு முதல் பன்னிரண்டு வரை இருக்கும். குட்டி போடுவது ஒரே ஒரு ஜோடி. வீட்டு அதிகாரம் பெண்ணிடம். தன் எல்லைக்குள் வேறு வளர்ந்த பெண் வந்தால் விரட்டி விரட்டிக் கடிக்கும். பெற்ற மகளே ஆனாலும் வயது வந்ததும் வெளியேறியாக வேண்டும், மகன்கள் கொஞ்சம் அதிக நாள் தங்கலாம். அதனால் இளம் பெண் போஸங்கள்தான் முதலில் வீட்டை விட்டு, புதுப் பொந்து தேடி, தெரியாத காட்டில் அலைகின்றன. ஆந்தைக்கு இரையாவதும் அப்போதுதான். ஒரு குடும்பத்தின் எல்லை ஒன்று முதல் மூன்று ஹெக்டேர். அதற்குள் ஒரு பொந்து போதாது. பல மரங்களில் கூடு வைத்துக்கொண்டு மாறி மாறித் தங்கும்.

எந்த மரம் வேண்டுமானாலும் சரி என்றும் கிடையாது. டேவிட் லிண்டன்மேயர் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவும் 1983 முதல் இந்தக் காட்டில் வேலை செய்கிறார்கள். அவர்கள் கண்டது: ஒரே காட்டில் இருக்கும் பொந்து விலங்குகளுக்கு ஆளுக்கொரு ரசனை. கிரேட்டர் கிளைடருக்கு உயரமான, உயிருள்ள மரம் பிடிக்கும். லெட்பீட்டர் போஸத்துக்கோ பட்ட மரம் பிடிக்கும். தலை ஒடிந்து குட்டையான, அடி பருத்த, ஓட்டை நிறைய உள்ள மரம், சுற்றிலும் புதர் அடர்ந்து மேலே தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். காரணம் மேலே சொன்னதுதான். பறக்கச் சவ்வு இல்லை. வாசலிலிருந்து அப்படியே அடுத்த கிளைக்கு ஓடும்படி இருந்தால்தான் அதற்கு அது வீடு.

அந்த அடுத்த கிளை பெரும்பாலும் சீகைக் கிளை.

வெள்ளிச் சீகைதான் இந்தக் காட்டில் அதிகம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஜனவரி, பிப்ரவரியில் மஞ்சளாகப் பூத்துச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்களே, அதே இனம். போஸம் அதன் தண்டில் பல்லால் சின்னச் சின்னக் கீறல் போடுகிறது. கீறின இடத்தில் சாறும் பிசினும் ஊறி வரும். மறுநாள் வந்து நக்கும், காயம் ஆறப் பார்த்தால் மறுபடி கீறும். பனையேறி தினமும் பாளையைச் சீவி ஊற்றுக் கண்ணைத் திறந்து வைப்பதைப் போலத்தான். ஒரு குடும்பம் தொடர்ந்து பயன்படுத்தும் சீகைத் தண்டில் இந்தத் தழும்புகள் வரிசையாகத் தெரியும். விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். பழைய தழும்பு கறுத்து மேடாக இருக்கும், புதிது ஈரமாகப் பிசுபிசுக்கும்.

அதன் ஆற்றலில் பெரும்பகுதி இந்தப் பிசினிலிருந்து வருகிறது. ஆனால் பிசினில் இனிப்பு உண்டு, புரதம் கிடையாது. குட்டிக்குப் பால் சுரக்க வேண்டுமே. அதற்குத்தான் பட்டைக்கு அடியில் இருக்கும் சில்வண்டும் அந்துப்பூச்சியும். சாறு உறிஞ்சும் பூச்சிகள் இலையில் விட்டுப்போகிற இனிப்புத் துளிகளையும் நக்கிக்கொள்ளும். இலை தின்னும் விலங்கு இல்லை இது. இலை தின்பவன் அசையாமல் ஒரே மரத்தில் உட்கார்ந்திருக்கலாம். இது அப்படி இல்லை, இருட்டியதிலிருந்து விடியும்வரை நிற்காமல் ஓடிப் பொறுக்க வேண்டும். அப்படி ஓடுவதற்குப் பாதையும் சீகைதான். பெரிய மரங்களின் தலைக்கு வெகு கீழே, பெரணிகளுக்கு மேலே, சீகைக் கிளைகள் பின்னிக்கொண்டு ஒரு நடுமாடி இருக்கும். அது இடைவிடாமல் தொடர்ந்தால் போஸம் தரையில் கால் வைக்காமல் தன் எல்லை முழுக்கப் போய்வரலாம்.

கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பாவிடம் ஒரு நாள் போனில் இதைச் சொன்னேன். தோட்டத்து ஓரம் சீகை வெட்டியே கை காய்த்த மனுஷன். "சீகையையா அங்கே தேடித் தேடிக் காப்பாத்துறாங்க? இங்கே வெட்ட வெட்ட முளைக்குதுடா தம்பி. ஒரு மரத்தைச் சாய்ச்சா நூறு கன்னு கெளம்புது" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் மிகை இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீயின் சூடு பட்டாலோ, மண்ணைக் கிளறினாலோ எல்லாம் ஒன்றாக முளைக்கும். எங்கள் ஊரில் அந்தக் குணம் புல்வெளிகளை விழுங்கியது. சோலைக்கு நடுவே இருந்த புல்மேடுகள் எங்கள் தாத்தா காலத்தில் எப்படி இருந்தன என்று கேட்டால் பெரியவர்கள் கண் கலங்குவார்கள். அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிடும் அளவுக்குப் போய்விட்டது. அங்கே சீகையைப் பிடுங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கே அதே சீகை நிற்க வேண்டும் என்றும் அதே உறுதியோடு நம்புகிறேன். "அந்தப் போஸத்தைப் புடிச்சு இங்கே விட்டா தின்னு தீர்க்குமாடா?" என்று கேட்டார். இல்லை சித்தப்பா, அது மரத்தைக் கொல்லாது, கீறிக் குடித்துவிட்டு உயிரோடு விட்டுவிடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நல்ல ஜீவன்தான்" என்றார்.

தீக்குப் பிறகு முளைக்கும் அந்தக் குணம்தான் 1961க்கான பதிலில் பாதி. 1939 தீயில் மவுண்டன் ஆஷ் மரங்கள் செத்தன. கடுந்தீயில் பிழைத்துத் துளிர்க்கத் தெரியாத யூகலிப்டஸ் இது. தலையில் வைத்திருக்கும் விதையைச் சாம்பலில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். விதை முளைத்துக் காடு மறுபடி எழும், கூடவே சீகையும். ஆனால் செத்த பெருமரங்கள் உடனே விழவில்லை. கருகிய கம்பங்களாக அப்படியே நின்றன, பொந்துகளோடு. ஆக 1950களில், 60களில் அந்தக் காடு எப்படி இருந்திருக்கும்? கீழே செழித்த இளம் சீகை, நடுவே நூற்றுக்கணக்கில் பழைய வீடுகள். போஸத்துக்கு அதைவிட நல்ல காலம் வந்திருக்காது. அதை அழித்ததாக எல்லோரும் நினைத்த தீயே அதற்குச் சாப்பாட்டை விளைவித்தது. வீட்டை அதற்கு முந்தைய நூற்றாண்டுகள் கட்டி வைத்திருந்தன.

பட்ட மரம் என்றைக்கும் நிற்குமா? 1980களில் எண்ணி வைத்த மரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து வருகின்றன. அடி மக்கி, ஒரு காற்றில், ஒரு ஈரமான குளிர்காலத்தில் போய்விடும். அவற்றின் இடத்தை நிரப்ப வேண்டியவை 1939இல் முளைத்தவை. 1939உடன் 150ஐக் கூட்டினால் 2089. 190ஐக் கூட்டினால் 2129. பழைய வீடுகள் இன்று இடிகின்றன, புது வீடு தயாராக அறுபது, நூறு வருடம் இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டியது காட்டில் சில வருடங்களே வாழும் ஒரு 130 கிராம் விலங்கு.

இடைவெளியை இவ்வளவு அகலமாக்கியதில் மனிதனுக்குப் பெரிய பங்கு உண்டு. தீயில் எரிந்த மரத்தை வீணாக்கக் கூடாதென்று 1939க்குப் பிறகு பல வருடம் பட்ட மரங்களை வெட்டி எடுத்தார்கள். பின்னால் பச்சை மரங்களைக் காகிதத்துக்கும் பலகைக்கும் மொட்டையாக வெட்டினார்கள். வெட்டின இடத்தில் தீ வைத்து விதைப்பார்கள், காடு வளரும், சுமார் 80 வருடத்தில் மறுபடி வெட்டலாம் என்பது திட்டம். 80இல் வெட்டினால் 150 எப்போது வரும்? பொந்து என்பதே இல்லாத காடு அது. சீகை இருக்கும், பிசின் வழியும், ராத்தங்க இடம் இருக்காது. இன்று மத்திய மலைப்பகுதியின் மவுண்டன் ஆஷ் காட்டில் உண்மையான பழங்காடு நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். 2020இல் ஃபெடரல் நீதிமன்றத்தில் இந்த விலங்குக்காக ஒரு சிறு அமைப்பு வழக்கில் ஜெயித்தது, 2021இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது. ஆனாலும் மாநில அரசு 2024 ஜனவரி 1 முதல் அரசுக்குச் சொந்தமான இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதையே நிறுத்திவிட்டது. இந்தச் செய்தி வந்த அன்று நான் அழுதேன் என்பதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை.

வெட்டு நின்றாலும் தீ நிற்காது. 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனி. 173 உயிர்கள் போயின. மேரிஸ்வில் ஊரே ஏறக்குறையத் தரைமட்டம். போஸத்தின் வாழிடத்தில் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. எரிந்த இடங்களில் தேடியவர்களுக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இப்போது அங்கெல்லாம் சீகை அடர்ந்து நிற்கிறது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மவுண்டன் ஆஷ் கன்று விதை பிடிக்கவே ஏறக்குறைய இருபது வருடம் வேண்டும். அதற்குள் இரண்டாம் தீ வந்தால் கொட்ட விதை இல்லை. அந்த மலை முழுக்கச் சீகை மட்டும் மிஞ்சும். தின்னத் தின்னக் குறையாத சாப்பாடு, ஆனால் எத்தனை நூறு வருடம் போனாலும் வீடு கிடைக்காத காடு.

இந்த விலங்கை எண்ணும் முறை எனக்கு மிகவும் பிடித்த வேலை. தன்னார்வலர்களாகப் பலர் மாலையில் காட்டுக்குள் போவோம். ஒரு மூன்று ஹெக்டேரில் நிற்கும் ஒவ்வொரு பொந்து மரத்துக்கும் ஒருவர் என்று அடியில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பின்னால் வானம் தெரியும்படி இடம் பார்த்துக்கொள்ள வேண்டும், அது முக்கியம். அப்போதுதான் இருட்டிலும் மரத்தின் விளிம்பு தெரியும். பேச்சு இல்லை, போன் இல்லை, டார்ச் இல்லை. அட்டைகள் ஏறும், ஊரில் பழக்கப்பட்டவன் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரியாது. என்னை அமர்த்திவிட்டுப் போன பாட்டியம்மா பல வருடங்களாக இதைச் செய்பவர். "வானத்தைப் பார்க்காதே, விளிம்பைப் பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அன்று என் மரம் தலை ஒடிந்த பட்ட மரம். அடி நாலு பேர் கைகோத்தாலும் எட்டாது. வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. லயர்பேர்ட் ஒன்று கடைசியாகக் கூவி அடங்கியது. நட்சத்திரம் ஒன்று தெரியத் தொடங்கிய நேரத்தில், ஒடிந்த நுனிக்குக் கொஞ்சம் கீழே விளிம்பில் ஒரு சின்ன முண்டு முளைத்தது. முதலில் இல்லாத முண்டு. அது அசையவில்லை. நானும் மூச்சை இழுத்துப் பிடித்தபடி இருந்தேன். பிறகு அது நீண்டு ஒரு உடம்பாகி, வால் பின்னால் விரிந்து, தண்டின் வெளிப்பக்கமாகத் தலைகீழாக இறங்கியது. அதன் பின்னே இன்னொன்று. அப்புறம் இரண்டு ஒன்றாக, இடித்துக்கொண்டு. நாலும் ஒரே வழியாக ஓடி, ஒரே இடத்தில் தாவின. தாவிய இடத்தில் சீகைக் கிளை தாழ்ந்து நிமிர்ந்தது, இலை சலசலத்தது. கடைசியாக வந்தது தாவும் முன் ஒரு நொடி நின்று பின்னால் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான். மொத்தமே ஒரு நிமிடம் இருக்காது. குறிப்பேட்டில் நேரத்தையும் நாலு என்ற எண்ணையும் எழுதுவதற்குள் என் கை நடுங்கிவிட்டது, குளிரால் மட்டும் இல்லை.

அடுத்த மரங்களுக்கு அடியில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் பூஜ்யம். அன்று இரவு அந்த வட்டாரத்துக்கு அந்த ஒரு மரம்தான் வீடு.

எல்லா லெட்பீட்டர் போஸமும் மவுண்டன் ஆஷ் காட்டில் இல்லை. உயரமான சிகரங்களில் ஸ்னோ கம் என்ற குட்டை யூகலிப்டஸ் காட்டிலும் சில உண்டு. மெல்போர்னிலிருந்து கிழக்கே சுமார் 50 கி.மீ. தூரத்தில் எல்லிங்போ என்ற தாழ்நிலச் சதுப்பில் ஒரு கூட்டம் இருப்பது 1986இல் தெரியவந்தது. அங்கே நீர் தேங்கும் இடத்தில் வளரும் யூகலிப்டஸ் ஒன்றின் இனிப்புக் கசிவும், பேப்பர்பார்க் மரத்துப் பூக்களின் தேனும் அதன் உணவு. மலைக் கூட்டத்திலிருந்து மரபணுவிலேயே விலகிப்போன தனிக் கிளை அது. நீரோட்டம் மாறி அந்த மரங்கள் நலிந்துவிட்டன, பொந்தும் மிகக் குறைவு. மரப்பெட்டி செய்து கட்டிவிட்டார்கள். பெட்டியை நம்பித்தான் அந்தக் கூட்டம் இத்தனை வருடம் ஓடியது. இப்போது சில டஜன்தான் மிச்சம். ஹீல்ஸ்வில் சரணாலயத்தில் வளர்த்துப் பெருக்க முயல்கிறார்கள்.

பெட்டி கட்டினால் போயிற்று என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். பெட்டியின் பலகை மெல்லியது. வெயிலில் உள்ளே வேகும், பனியில் உறையும். கனத்த மரத்துக்குள் இருக்கும் பொந்து அப்படி இல்லை, வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே சூடு மெதுவாகத்தான் மாறும். தேனீ வந்து பெட்டியைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்த தேனீ. பத்து, பதினைந்து வருடத்தில் பெட்டி இற்று விழும். மறுபடி யாராவது ஏறிக் கட்ட வேண்டும். இதை 2089 வரை, மலை மலையாக யார் செய்வது?

இதைவிட நம்பிக்கை தருவது வேறொரு வேலை. 1939இல் முளைத்த உயிருள்ள மரத்தில் கயிறு போட்டு ஏறி, செயின்சாவால் தண்டுக்குள் ஒரு அறை குடைகிறார்கள். வெட்டி எடுத்த மரத்தின் முகப்பிலேயே ஒரு பலகை அறுத்து, அதில் போஸம் மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, மூடிவிடுகிறார்கள். மரம் சாகாது. காயத்தைச் சுற்றி வளர்ந்து விளிம்பு மூடிக்கொள்ளும். சுவர் கனமாக இருப்பதால் உள்ளே சூடும் நிற்கும். இப்படிக் குடைந்த பொந்துகளில் போஸங்கள் குடிவந்து, பட்டை நார் கொண்டுவந்து கூடு கட்டியிருக்கின்றன. மரங்கொத்தி இல்லாத நாட்டில் மனிதன் அந்த வேலையைச் செய்கிறான், செய்யட்டும். ஆனால் எந்த மரத்தில் குடைவது என்று தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் முதலில் பார்ப்பது மரத்தை அல்ல, சுற்றிலும் சீகை தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதைத்தான். அது இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல பொந்து செய்தாலும் காலியாகத்தான் கிடக்கும்.

2025இல் ஒரு செய்தி வந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கொசியஸ்கோ தேசியப் பூங்காவில் வைத்திருந்த தானியங்கிக் கேமராவில் அதற்கு முந்தைய வருடம் லெட்பீட்டர் போஸம் ஒன்று பதிவாகியிருந்தது. விக்டோரியாவுக்கு வெளியே உயிரோடு ஒன்று. அந்தப் படத்தை சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் முதலில் கேட்டது, "அங்கே சீகை இருக்குதா?"

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மர வெட்டு நின்றபிறகும் பட்ட மரங்கள் சாய்க்கப்படுகின்றன, தீத்தடுப்புக் கோடுகளுக்காகவும் சாலைப் பாதுகாப்புக்காகவும். ஆள் நடமாடும் சாலையோரத்தில் அது தேவைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் காட்டுக்குள், வருடத்துக்கு ஒருமுறை வண்டி போகும் பாதையில் நிற்கும் பொந்து மரத்தைச் சாய்ப்பதற்கு முன், அதன் அடியில் ஒரு மாலை யாராவது நாற்காலி போட்டு உட்கார வேண்டும். உட்கார நாங்கள் தயாராக இருக்கிறோம், எந்த மரம் என்று முன்கூட்டியே சொன்னால் போதும். அந்தக் கோரிக்கையைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். விக்டோரியாவில் இருக்கும் தமிழ் நண்பர்கள் யாராவது கையெழுத்துப் போடவும், ஒரு மாலை வந்து உட்காரவும் விரும்பினால் எனக்கு எழுதுங்கள். கனமான கோட்டும் அட்டைக்கு உப்பும் கொண்டுவந்தால் சரி, நாற்காலி எங்களிடம் இருக்கிறது.